தேய்த்த அம்புக்குறி

மூன்று மாதமாக என் கடை மேசை லாச்சிக்குள் ஒரு அலுமினியப் பாத்திரம் கிடக்கிறது. ஒரு சாண் நீளம், நீள்சதுரம், மூலைகள் உருண்டவை, மடித்து வைக்கக்கூடிய கம்பிக் கைப்பிடி. லாச்சியைத் திறந்தால் அதுதான் முதலில் கையில் படும். சின்னக் குறடு எடுக்கப் போனாலும் அது, பற்றரி எடுக்கப் போனாலும் அது. வீட்டில் என் மற்றச் சாமான்கள் இருக்கிற அலுமாரியில் இதற்கு இடம் இருக்கிறது. அங்கே வைத்துவிட்டால் அது என் சேகரிப்பில் ஒன்றாகிவிடும். அப்படி ஆக்கலாமா என்பதுதான் மூன்று மாதமாக முடிவாகாமல் கிடக்கிறது.

கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கைத்தொலைபேசி வந்த பிறகு மணி பார்க்க யாருக்கும் மணிக்கூடு வேண்டியதில்லை. பற்றரி மாற்றுவது, பட்டி போடுவது, சுவர் மணிக்கூட்டுக்கு உள் இயந்திரம் மாற்றுவது என்று கடை ஓடுகிறது. மிச்ச நேரத்தில் பழைய இராணுவச் சாமான்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். வன்னியில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். "இவ்வளவு பட்டும் உங்களுக்கு ஆசை தீரேல்லையோ" என்று என் மாமியார் கேட்டார். நான் சேர்ப்பது எங்கள் சண்டையின் சாமான் இல்லை மாமி, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்று விளக்கினேன். "சண்டைச் சாமான் சண்டைச் சாமான்தானே" என்றார். அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு கைமணிக்கூட்டால். தருமபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கொண்டுவந்தார். சாவி கொடுக்கிற வகை, ஓடவில்லை. பின்மூடியைக் கழற்றத் திருப்பினால் அதில் ஒரு அம்புக்குறி. மேல்நோக்கி, மூன்றே கோடு, கோழிக்கால் மாதிரி. அதோடு ஏ.டி.பி. என்று மூன்று எழுத்து, கீழே ஒரு இலக்கம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் பிரித்தானியப் படை சுவிஸ் கொம்பனிகளிடம் கடைச் சரக்காக இருந்த மணிக்கூடுகளையே வாங்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்தது. அந்த வகைக்குப் பெயர் ஆர்மி ட்ரேட் பற்றேண், அதன் முதலெழுத்துகள்தான் ஏ.டி.பி. போர் முடிகிற நேரம், 1945 இல், தானே அளவும் விதியும் கொடுத்து 12 சுவிஸ் கொம்பனிகளிடம் செய்வித்தது வேறு வகை. அதன் முதுகில் டபிள்யூ மூன்று தரம் இருக்கும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமை இணையத்தில் கிடந்து அறிந்ததுதான். முள்ளில் இருட்டில் ஒளிர்வதற்குப் பூசியது ரேடியம், ஆகையால் சுரண்டக்கூடாது என்பதும் அப்போது படித்ததே. நல்லவேளை, அதற்குள் சுரண்டியிருக்கவில்லை. பெரியவர் விற்க மாட்டேன் என்றார். ஓட வைத்துக் கொடுத்தேன். அந்த அம்பு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

கிரீடமும் அடிமட்டமும்

பழைய சாமானை அடையாளம் காண்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எழுத்தைத் தேடு, இலக்கத்தைத் தேடு, சின்னத்தைத் தேடு. மூன்று கோட்டு அம்பு பிரித்தானிய அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை. அம்பைச் சுற்றி சி என்ற எழுத்து வளைந்திருந்தால் கனடா. இரண்டு பக்கமும் டி நின்றால் அவுஸ்திரேலியா. அம்புக்குக் கீழே ஐ இருந்தால் இந்தியா. தொப்பிச் சின்னம் என்றால் மேலே இருக்கிற கிரீடத்தைப் பார்க்க வேண்டும். கிரீடத்தின் வளைவு கவிழ்த்த சிரட்டை மாதிரி உருண்டு நின்றால் மன்னர் காலம். நடுவில் கொஞ்சம் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் காலம், ஏறத்தாழ 1953 முதல். இலங்கைப் படைச் சின்னத்தில் கிரீடமே இல்லையென்றால் 1972 மே 22 இல் குடியரசு ஆன பிறகு செய்தது. சார்ள்ஸ் அரசரான பிறகு மறுபடியும் உருண்ட கிரீடத்தையே தெரிவு செய்துவிட்டார், ஆக இனிமேல் பிறக்கப்போகிற சேகரிப்பாளர்கள் பாவம்.

சுட்டுக் கழிந்த ரவைக் கோதுகளுக்கு நீளம் பார்க்கிற அடிமட்டமே போதும். பள்ளிக்கூடப் பெடியள் தோட்டத்தில் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், "அங்கிள், இது வெள்ளைக்காரன்ரயோ?" என்று. மேசையில் அடிமட்டம் எப்போதும் கிடக்கும். 39 மில்லிமீற்றர் என்றால் ரி-56 துவக்கினது. 51 என்றால் எஸ்எல்ஆர் துவக்கு. இங்கே பழைய காலத்தில் இருந்தது, 1987 இல் வந்த இந்தியன் ஆமியிடமும் இருந்தது. 56 வந்து, அடியில் வெளியே நீண்ட விளிம்பும் இருந்தால் வெள்ளைக்காரனின் த்ரீ நொட் த்ரீ துவக்கு. அதற்காக உடனே துள்ளக்கூடாது, பொலிஸ்காரரும் வெகுகாலம் அந்தத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அடியில் வட்டமாக வெட்டியிருக்கிற எழுத்தைப் பார்க்க வேண்டும். 42 என்று இருந்தால் 1942. கேஎஃப் என்றால் புனேக்குப் பக்கத்தில் இருக்கிற கிர்க்கித் தொழிற்சாலை. பெடியள் கொண்டு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு 39 தான். யார் சுட்டது என்று அந்தக் கோது சொல்லாது. ஆமி, புலிகள் என்று இரண்டு பக்கமும் அதே துவக்குத்தான். தலையோடு இருக்கிற ரவையை நான் தொடுவதும் இல்லை, கடைக்குள் எடுப்பதும் இல்லை. அதைக் கொண்டு வந்த பெடியனுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும்.

இந்த வேலையில் எனக்குப் பெரிய சந்தோசம் தந்தது ஒரு மாட்டுக் கொட்டில். வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வளவில் மாட்டுக் கொட்டிலின் ஒரு பக்கம் முழுக்க ஓட்டை போட்ட இரும்புத் தகடு. வட்ட ஓட்டைகள், மூன்று வரிசை. எண்ணினேன். வரிசைக்கு 29, மொத்தம் 87. நீளம் 10 அடி, அகலம் 15 அங்குலம். மண் தரையில் விமானம் இறங்குவதற்காக அமெரிக்கர் கண்டுபிடித்த விரிப்புத் தகடு அது, ஒன்று 66 இறாத்தல். 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் யப்பான்காரன் குண்டு போட்டான். அந்தப் போர்க்காலத்தில் வவுனியாவிலும் வெள்ளைக்காரனுக்கு ஒரு விமானத்தளம் இருந்தது. இன்றும் அங்கே விமானப்படைதான் இருக்கிறது. ஓட்டை எண்ணிக்கொண்டிருந்த என்னை அந்த வீட்டு மாடு பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது தகடு, அவ்வளவுதான். "கறள் பிடிக்காது, நல்ல சாமான்" என்றார்.

மச்சானின் கணக்கு

ரொறன்ரோவில் என் மச்சான் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் இதே பைத்தியம், ஆனால் காசுள்ள பைத்தியம். பதக்கம் சேர்க்கிறான். முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களில் விளிம்பைப் பார்த்தால் அதைப் பெற்ற ஆளின் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போருக்குப் பிரித்தானியா கொடுத்தவை பெரும்பாலும் பெயர் இல்லாதவை. ஆகவே அவனுக்கு முதலாவதில்தான் ஆசை. பெயரை வைத்து ஆவணக் காப்பகத்தில் தேடி, அந்த ஆள் எந்த ஊரில் பிறந்தான், எங்கே காயப்பட்டான், எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடித்து எனக்கு இரவிரவாகக் குரல் பதிவு அனுப்புவான். பெயர் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. தேய்த்து மினுக்கியிருந்தால் விலை விழுந்துவிடும். பெயரை அரத்தால் அராவி எடுத்திருந்தால் சாமான் செத்தது, உலோக விலைதான்.

"உங்கட பக்கம் கொள்ளைச் சாமான் கிடக்குமே மச்சான். ஒரு மெட்டல் டிடெக்ரர் வாங்கி அனுப்பட்டோ?" என்று ஒரு முறை கேட்டான். அவனுடைய ஊரில் வயதான ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்தக் கருவியோடு கடற்கரையில் நடப்பார்களாம். இங்கே அந்தக் கருவியைக் கையில் வைத்திருக்கிறவர்கள் நீல அங்கியும் முகக் கண்ணாடியும் போட்டு, வெயிலில் முழந்தாளிட்டு, ஒரு நாளைக்குக் கொஞ்ச நிலத்தைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறுகிற பெண்கள். கண்ணிவெடி அகற்றுகிற ஹலோ ட்ரஸ்ட் 2002 இலிருந்து இந்தப் பக்கம் நிற்கிறது. அவர்களின் சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எதுவும் பழைய சாமான் ஆகாது. மீள்குடியேறிய முதல் வருடங்களில் பழைய இரும்பு யாவாரிகளின் லொறி வீதிக்கு வீதி நின்றது. பித்தளைக்கு ஆசைப்பட்டு எதையோ தட்டிக் கையைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என்னிடம் இன்றும் மணிக்கூட்டுக்குப் பட்டி மாற்ற வருவார். இப்போது வலது கையில் கட்டுகிறார்.

மச்சானுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஐம்பது வருடம் போனால்தான் சாமான் பழசு, அதுவரைக்கும் அது வெறும் மிச்சம். அந்தக் கணக்கை நானும் வசதியாக எடுத்துக்கொண்டேன். 1972 க்கு முன்னால் என்றால் அலுமாரிக்குள் வரலாம், பின்னால் என்றால் வேண்டாம். வெள்ளைக்காரன் என்றால் யாருக்கும் நோகாது என்று நினைத்தேன். அது கூட முழுக்கச் சரியில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் ஒரு கல் நட்டான்: 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் இந்தச் சுற்றாடலில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று. வன்னியில் எழுத்துப் பொறித்த போர்ச் சின்னத்தில் எனக்குத் தெரிந்து பழையது அதுதான். அதில் எங்கள் வன்னி மன்னனின் பெயர் வந்ததே தோற்றவன் என்பதற்காகத்தான். அதே வருடம் ஓகஸ்டில் அவர் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததற்கு அவன் கல் நடவில்லை.

நான்கு வருடத்துக்கு முதல் ஒருவர் கடைக்கு வந்தார். கடையில் வேறு ஆள் போகும்வரை நின்று, பிறகு பேர்ஸுக்குள்ளிருந்து கடுதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். உழவுக்குள் வந்ததாம். வட்டத் தகடு, எழுத்தும் இலக்கமும், புலிகள் இயக்கத்தவர் அணிந்த அடையாளத் தகடு. "உதுக்கு எவ்வளவு தருவியள்?" என்றார். நான் கையால் தொடவில்லை. கண்ணாடியைக் கண்ணில் வைக்கவும் இல்லை. இப்படியான சாமானை என்னிடம் கொண்டு வரவேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் கடுதாசியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போனார். போன பிறகுதான் யோசனை வந்தது. கொண்டுபோய்க் கொடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். யாரிடம்? கொடுத்தால், எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய், ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தாய் என்ற கேள்விகள் அவருக்குத்தான் வரும். கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வந்து இருந்த தாய்மாரைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்குப் போய் வந்தேன். அந்த இலக்கம் அவர்களில் ஒருவரின் பிள்ளையுடையதாக இருக்கலாம். பிறகு 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்து, நீதிமன்றக் கட்டளையோடு தோண்டியபோது அவற்றோடு தகடுகளும் வந்தன. செய்தியைப் படித்த அன்று கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டேன். மச்சானுக்கு விளிம்பில் பெயருள்ள பதக்கம் கிடைத்தால் கொண்டாட்டம். இங்கே அதே வேலையைச் செய்கிற தகட்டை நான் கடுதாசியோடு திருப்பி அனுப்பியிருந்தேன்.

விசுவமடு

இனிப் பாத்திரத்துக்கு வருகிறேன். விசுவமடுவிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா சுவர் மணிக்கூடு ஒன்றைச் சொப்பின் பையில் கொண்டு வந்தார். விழுந்து கழன்ற ஆணிகளும் முள்ளும் தனியாக ஒரு பாத்திரத்துக்குள். மணிக்கூட்டை விட்டுவிட்டு நான் பாத்திரத்தைத்தான் பார்த்தேன். பிரித்தானியச் சிப்பாயின் சாப்பாட்டுத் தகரம். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற சோடியில் ஒன்று. முதலாம் உலகப் போரில் அவரை விதை மாதிரி வளைந்த வடிவம், இரண்டாம் போரில்தான் நீள்சதுரம். விமானம் செய்ய அலுமினியம் தேவைப்பட்டபோது தகரம் பூசிய இரும்பிலும் செய்தார்கள். இது அலுமினியம். விலைக்குக் கேட்டேன். "உதை வைச்சு என்ன செய்யப் போறியள் தம்பி? அப்புவின்ர காலத்துச் சட்டி. வேணுமெண்டா எடுங்கோ" என்று ஆணிகளை மேசையில் கொட்டிவிட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. நானும் மணிக்கூட்டுக்குக் காசு வாங்கவில்லை.

கைப்பிடியைப் பாத்திரத்தோடு பிடித்திருக்கிற சின்னத் தகட்டில்தான் செய்த கொம்பனியின் எழுத்தும் வருடமும் அம்பும் இருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. பாவனையில் தேய்ந்தது இல்லை. கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. யாரோ இருந்து தேய்த்திருக்கிறார்கள். எந்தப் படுபாவி பார்த்த வேலை இது என்று வாய்விட்டே திட்டினேன். விலைக்காக இல்லை. நல்ல சாமான் ஒன்றின் முகத்தை அழித்துவிட்டார்கள் என்ற எரிச்சல்.

முத்திரை குத்தும்போது உலோகம் ஆழமாக அமுங்கும். கையால் தேய்த்தால் மேல் விளிம்புதான் போகும், அடி கொஞ்சம் நிற்கும். மூன்று இரவு, கடை பூட்டிய பிறகு, மின்குமிழை அணைத்துவிட்டு, ரோச் லைட்டை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, வெளிச்சம் தகட்டில் சரிவாக விழுகிற மாதிரிப் பிடித்தேன். சோக்கைத் தூளாக்கி விரலால் பூசி, மேலால் ஒரு முறை மட்டும் கடுதாசியால் துடைத்தேன். முதல் இரவு ஒன்றும் இல்லை. இரண்டாம் இரவு ஒரு சரிவான கீறு. தேய்த்த கோடுகளுக்குக் குறுக்கே போனது, ஆகையால் அது தேய்த்ததில் வந்தது இல்லை. மூன்றாம் இரவு வெளிச்சத்தை மற்றப் பக்கம் மாற்றினேன். அம்பின் இரண்டு கால், நடுக்கோட்டின் அடி. அதற்குப் பக்கத்தில் 1, 9, 4. கடைசி இலக்கம் 2 அல்லது 3. கொம்பனியின் எழுத்துப் பிடிபடவில்லை. அந்த நேரம் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொன்னால் வெட்கம். மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டுக்கு வர நேரம் செல்லும் என்று சொல்லிவிட்டு அந்த நாலு கீறலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசுவமடுவுக்குப் போனேன். அந்த அம்மா விறாந்தையில் சாக்கு விரித்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துத் தந்தார்.

"அம்மா, உங்கட சட்டி என்ன சட்டி எண்டு கண்டுபிடிச்சிட்டன்."

"அதில என்ன கண்டுபிடிக்கக் கிடக்கு?"

"வெள்ளைக்காரன்ர ஆமிச் சாமான். 1942, இல்லாட்டி 43. அம்புக்குறி கிடக்கு, வருசமும் கிடக்கு."

கச்சான் உடைத்த கை நின்றது. "எழுத்துத் தெரியுதோ?" என்று கேட்டார்.

"தெரியுது. ஆரோ நல்லாத் தேய்ச்சிருக்கினம். ஆனா நான் எடுத்திட்டன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"நான்தான் தேய்ச்சனான்."

எனக்கு உடனே பேச வரவில்லை. அவர் கச்சானைத் திரும்ப எடுத்து உடைத்துக்கொண்டே சொன்னார். 2009 மே மாதம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியச் சொல்லி. அதைக் கேட்டு நடந்துதான் வந்தார்கள். சட்டியில் இலக்கம் வெட்டியிருக்கிறது என்ற நினைவு செட்டிகுளம் முகாமுக்கு வந்து இரண்டு நாள் போன பிறகுதான் வந்தது. அன்றிரவு நித்திரை இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சீமெந்துக் கட்டு ஒன்று இருந்தது. இருட்டிய பிறகு அங்கே போய், சத்தம் கேட்காமல் இருக்கச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தேய்த்தார். இரண்டு இரவு. இதைச் சொல்லும்போது வலது கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். நான் கண்ணாடியில் பார்த்த கோடுகள் ஏன் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன என்று அப்போது விளங்கியது.

"அப்புவின்ர பழைய சட்டி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அம்மா?"

"எனக்குத் தெரியும். கேக்கிறவைக்குத் தெரியுமோ? நான் என்னெண்டு விளங்கப்படுத்திறது, எந்தப் பாசையில?"

"எறிஞ்சிருக்கலாமே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எறிஞ்சா எதில காய்ச்சிறது?"

அதற்குப் பிறகு நான் சட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே கொஞ்சம் சொன்னார். தகப்பன் இளவயதில் வவுனியாவுக்கு வேலைக்குப் போய்வந்தவர் என்று தாய் சொல்லுவாவாம். என்ன வேலை என்று தெரியாது. மாட்டுக் கொட்டிலும் 87 ஓட்டையும் எனக்கு நாக்கு நுனிவரை வந்தன, சொல்லவில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் இந்தச் சட்டி வந்திருக்கிறது, கைப்பிடி மடியும், பாரம் இல்லை, பைக்குள் அடங்கும் என்பதால். கடைசியில் மிஞ்சிய பாத்திரமும் இதுதான். "உதைச் சொல்லவே பெற்றோல் அடிச்சுக்கொண்டு வந்தனியள்?" என்று சிரித்தார். ஒரு பை நிறையக் கச்சான் தந்தார். படலைவரை வந்தவர், நான் மோட்டார் சைக்கிளை உதைக்கப் போகும்போது கேட்டார்:

"தம்பி, அந்த எழுத்து இப்ப ஆரும் பாத்தாத் தெரியுமோ?"

"இல்லை அம்மா. சோக்குத் தூள் பூசி, ரோச் லைட்டைச் சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும்."

"அப்ப சோக்கைத் துடைச்சுப்போட்டு வையுங்கோ."

வழி முழுக்க அந்த ஒரு வசனம்தான். வெள்ளைக்காரனின் அம்பு என்று நான் பத்து வினாடியில் சொல்லிவிடுவேன். கிரீடத்தின் பள்ளத்தைப் பார்த்து வருடம் சொல்லுவேன். ஓமந்தையில் அந்த வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தாலும் இந்த அறிவால் அவருக்கு என்ன பிரயோசனம்? அவருக்கும்தான் தெரிந்திருந்தது, என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கேட்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு இலக்கம் அடையாளமா ஆபத்தா என்று ஆகிறது. வாசிக்கத் தெரிந்தவன் என்ற திமிரில், ஒரு மனுசி இரண்டு இரவு இருந்து அழித்ததை மூன்று இரவு இருந்து திரும்ப எழுப்பி, அதைச் சந்தோசமாக அவருடைய வாசலிலேயே கொண்டுபோய் அறிவித்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் போயும் அவர் முதலில் கேட்டது எழுத்துத் தெரிகிறதா என்றுதான். மாமியார் சொன்னதற்கு நான் சிரித்தது வழியில் நினைவு வந்தது.

மச்சானிடம் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டேன். முதலில் பாத்திரத்தைப் பற்றி மட்டும். "தேய்ச்சதெண்டா ஒண்டுக்கும் உதவாது மச்சான், பத்து டொலரும் தரமாட்டான்" என்றான். பிறகு விசுவமடுக் கதையைச் சொன்னேன். மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அழுகிறானோ என்று கூட நினைத்தேன். "அப்பிடியெண்டா வேற கதை" என்றான். "அவவிட்ட ஒரு கடிதம் எழுதி வாங்கு. சட்டியோட அவ நிக்கிற மாதிரி ஒரு படம். இஞ்ச இப்ப அப்பிடியான சாமானுக்குத்தான் ஆக்கள் தேடித் திரியினம்." அவன் கெட்டவன் இல்லை. சேகரிக்கிறவர்களின் வழக்கில் சாமானின் வரலாற்றை எழுத்தில் வாங்கி வைப்பது நல்ல பழக்கம் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த அம்மாவின் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அது அம்புக்குறியின் விலையைவிடக் கூட என்பதைத் தொலைபேசியில் கேட்டபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. சரி, பிறகு பேசுவம் என்று வைத்துவிட்டேன். அவன் இன்னும் படம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு முறை யோசித்தேன். மணிக்கூட்டுக் கடைக்காரன் வீடு தேடி வந்து சட்டியைத் திருப்பித் தந்தான் என்றால், ஏதோ நடந்துவிட்டது என்று அவர் நினைக்கக்கூடும்.

என் சாமான்களை எழுதி வைக்கிற கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பெயர், முத்திரை, வருடம், கிடைத்த இடம், நிலை. போன கிழமைதான் இதற்கு ஒரு பக்கம் திறந்தேன். வருடம் என்ற இடத்தில் முதலில் 1942 அல்லது 43 என்று எழுதினேன். கீழே இன்னொரு வரி: 2009, தண்ணீர்த் தொட்டிக் கட்டு, இரண்டு இரவு. முத்திரை என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த சரிவெளிச்சப் படங்களை அழித்தேன். பிறகு சோக்கைத் துடைத்தேன். ஈரத் துணியால் தகடு துப்புரவாகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடி மடிகிற மூட்டுக்குள் மட்டும் கொஞ்சம் வெள்ளை இன்னும் நிற்கிறது. துணி அங்கே போகாது. பழைய டூத் பிரஷ் ஒன்று தேட வேண்டும்.